பூட்டா, பழுதா? பிள்ளைகளின் லுவாண்டி உலகத்தில் பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் பிற்பகல் 3 மணிக்கு 14 பிள்ளைகள் வருகிறார்கள். 9 மடிக்கணினிகள் இருக்கின்றன. அவற்றில் 5, அண்ணன் அக்காக்களுக்கு அரசு கொடுத்த பழைய கணினிகள். ஒரு ரவுட்டர். அதில் இணையம் கிடையாது, வேண்டுமென்றே. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரே உலகத்துக்குள் அவர்கள் தெரு போடுகிறார்கள், ஏரி வெட்டுகிறார்கள், பரப்பளவுக் கணக்குப் போட்டுக் கூரை வேய்கிறார்கள். சண்டையும் போடுகிறார்கள்.

ஓடுவது லுவாண்டி. மைன்கிராஃப்டைப் போலக் கட்டைகளால் ஆன உலகம், ஆனால் இலவசம். பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010இல் தொடங்கினார். 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்று பெயர். பின்னிஷ் மொழியில் படைப்பு என்று பொருள்படும் 'லுவோன்டி'யையும், உள்ளே பயன்படும் 'லூவா' நிரல்மொழியையும் பிசைந்து இப்போதைய பெயரை வைத்தார்கள். மின்னஞ்சல் கேட்காது, பிறந்த தேதி கேட்காது. சர்வரை, அதாவது எல்லாரும் சேரும் உலகத்தை ஓட்டும் கணினியை, நம் மேசைமேலேயே வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான்.

"சார், வேலை செய்யவில்லை" என்று ஒரு பிள்ளை கை தூக்கினால் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது பழுதா, பூட்டா? பழுதானால் சரிசெய்யலாம். பூட்டானால், யார் போட்டது, எதற்குப் போட்டது என்று தெரிவதற்கு முன்பு திறக்கக் கூடாது. அவசரத்தில் எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டு, "இப்போது வேலை செய்கிறது பார்" என்று பெருமையாக உட்கார்ந்திருந்த சனிக்கிழமை எனக்கும் உண்டு. அதன் பலன் கீழே வருகிறது.

படிக்குமுன் ஒரு குறிப்பு. திரையில் வரும் செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கும்; இங்கே அவற்றைத் தமிழில் சொல்கிறேன். 'கட்டளை' என்று நான் சொல்லும் இடத்தில், டி விசையை அழுத்தி அரட்டைப் பெட்டியைத் திறந்து, முதலில் ஒரு சாய்கோடு போட்டு, கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

நிறுவினேன், உள்ளே விளையாட்டே இல்லை

2023 டிசம்பரில் வந்த 5.8 பதிப்பு முதல் லுவாண்டியோடு எந்த விளையாட்டும் சேர்ந்து வருவதில்லை. அடுப்பு வந்திருக்கிறது, பாத்திரத்தை நாம்தான் ஏற்ற வேண்டும். 'கன்டென்ட்' தாவலுக்குப் போய் 'மைன்டெஸ்ட் கேம்' என்று தேடி இறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாத கணினிகளுக்கு, இறக்கிய கணினியில் உள்ள 'கேம்ஸ்' கோப்புறையை பென்டிரைவில் கொண்டுபோய் அதே இடத்தில் ஒட்டினால் போதும்.

பட்டியலில் 'வோக்ஸலிப்ரே' கண்ணைப் பறிக்கும். அதில் இரவானால் அரக்கர்கள் வருவார்கள், பசியெடுக்கும், சாவு வரும். மைன்டெஸ்ட் கேமில் தாக்க வரும் பிராணி ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்த வெறுமை ஒரு வரம்.

இணைப்பு நேரம் முடிந்துவிட்டது என்று வருகிறது

எல்லாருக்கும் வருகிறதா, ஒருவருக்கு மட்டுமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அந்தக் கணினி வேறு வைஃபையில் இருக்கிறது. பக்கத்து வீட்டு வைஃபையைப் பழக்கத்தில் தானாகப் பிடித்திருக்கும். எல்லாருக்கும் என்றால் சர்வர் ஓடும் கணினிக்கு வாருங்கள். இந்த வரிசையில் பார்த்தால் நேரம் மிச்சம்.

1. உலகம் திறந்திருக்கிறதா? 'ஹோஸ்ட் சர்வர்' பெட்டியில் குறி போட்டு உலகத்தைத் திறந்த கணினிதான் சர்வர். அதில் விளையாட்டை மூடினால், மூடி போட்டு மடக்கினால், எல்லாருக்கும் உலகம் போய்விடும். அந்தக் கணினியின் தூக்க நேரத்தை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

2. முகவரி, அதாவது கணினியின் ஐபி எண், மாறிவிட்டதா? ரவுட்டர் அணைந்து எழும்போது கணினிகளுக்கு வேறு எண் கொடுத்துவிடலாம். பிள்ளைகளின் திரையில் போன வாரத்து முகவரியே நிற்கும். சர்வர் கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' அடித்து, இன்றைய எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். போர்ட், அதாவது இணைப்பு நுழையும் வாசல் எண், 30000. தரவு போகும் முறைகளில் அது யூடிபி, டிசிபி அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு ரவுட்டரோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டியவன் நான்.

3. ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல், தடுக்கிறதா? முதல்முறை சர்வரைத் திறக்கும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தினால், அது அப்போதைக்கு மட்டும் தடுப்பதில்லை, தடை விதியாகவே எழுதிக்கொள்ளும். இது பூட்டு. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். அனுமதிப் பட்டியலில் லுவாண்டியைத் தேடி, 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் குறி போடுங்கள். 'பப்ளிக்' பெட்டி காலியாகவே இருக்கட்டும். நம் வைஃபையும் விண்டோஸில் 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்ட குறி பயன்படாது.

4. இத்தனைக்குப் பிறகும் வராவிட்டால் ரவுட்டரில் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபை பெரும்பாலும் ஒரு கணினியை இன்னொன்று பார்க்கவிடாது.

ஒரு கணினி பதில் சொல்கிறதா என்று சோதிக்கும் 'பிங்' கட்டளையை அடித்துப் பார்த்து, பதில் வரவில்லை என்பதால் கணினியே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். விண்டோஸ் வழக்கமாகவே பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும்.

என் வீடும் காணோம், சாமானும் காணோம்

உண்மையில் எதுவும் காணாமல் போகவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது.

எங்கள் குழுவில் யாரும் சொந்தப் பெயரில் உள்ளே போவதில்லை. ஆளுக்கொரு பறவைப் பெயர். லுவாண்டி பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது. தமிழில் அடித்தால் அனுமதியில்லாத எழுத்துகள் என்று திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஆங்கில எழுத்தில் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தனக்குத் தூக்கணாங்குருவிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். முதல் வாரம் ஒரு 'க'வுக்கு இரண்டு 'கே' போட்டாள். இரண்டாம் வாரம் ஒன்று. மூன்றாம் வாரம் 'ங்'குக்கு ஒரு 'ஜி' சேர்ந்தது. 'பதிவில்லாத பெயர்' என்று திரை சொன்னபோதெல்லாம் பக்கத்திலிருந்த 'ரெஜிஸ்டர்' பொத்தானை அழுத்தினாள். மூன்று வாரத்தில் மூன்று தூக்கணாங்குருவிகள். மூன்றாவது குருவி, முதல் குருவி கட்டிய கூட்டின் கதவில் நின்று, "இது இன்னொருவர் இடம்" என்ற செய்தியைப் பார்த்து அழுதது.

செய்திகளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். 'பெயர் பதிவாகவில்லை' என்றால் எழுத்துப் பிழை. ரெஜிஸ்டர் பொத்தானைத் தொடாமல் பெயரைத் திருத்த வேண்டும். 'இதே பெயரில் இன்னொருவர் பதிவு செய்திருக்கிறார், எழுத்தைச் சரிபார்க்கவும்' என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறது. 'தவறான பாஸ்வேர்ட்' என்றால் அது பூட்டு, நல்ல பூட்டு. பிள்ளை நேரில் வந்து கேட்ட பிறகு 'செட்பாஸ்வேர்ட்' கட்டளையில் பெயரையும் புதிய பாஸ்வேர்டையும் கொடுத்து மாற்றலாம்.

நிரந்தர மருந்து: பெயரை அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மயில், புறா, காகம் என்று சுருக்கமான பறவைகளையே கொடுக்கிறேன்.

நான் எழுதவில்லை, என் பெயரில் யாரோ எழுதியிருக்கிறார்கள்

இந்தப் புகார் வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். "விளையாட்டுக்குத்தானே" என்று சமாதானம் சொல்லிவிடாதீர்கள்.

முன்பு சொன்ன சனிக்கிழமை இதுதான். தொடக்கத்தில் பாஸ்வேர்ட் மறந்துபோகிறது என்று ஒவ்வொரு வாரமும் பத்து நிமிடம் போயிற்று. லுவாண்டி, நாம் சொல்லாவிட்டால், வெற்றுப் பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்ளும். "சரி, யாரும் பாஸ்வேர்ட் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு வெண்ணெய்போல நழுவியது. மூன்று வாரம் கழித்து மைனா என்ற பெயரில் அரட்டையில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. மைனா ஒன்பது வயதுப் பெண்; வார்த்தையின் பொருளே தெரியாமல், எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

சர்வர் கணினியில் 'அபவுட்' தாவலில் 'ஓப்பன் யூசர் டேட்டா டைரக்டரி' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் திறக்கும் கோப்புறையில் 'டீபக்' என்ற எழுத்துக் கோப்பு இருக்கும். உலகத்துக்குள் யார் வந்தார், எந்த முகவரியிலிருந்து வந்தார், அரட்டையில் என்ன எழுதினார் என்பதெல்லாம் நேரத்தோடு அதில் வரிவரியாகப் பதிவாகும். அன்றைய பக்கத்தில் மைனா என்ற பெயர் இரண்டு முறை உள்ளே வந்திருந்தது. 3 மணி 12 நிமிடத்துக்கு வந்த வரியில் சதுர அடைப்புக்குள் இருந்த முகவரி 16இல் முடிந்தது. அது 6ஆம் எண் மடிக்கணினி. மைனா உட்கார்ந்திருந்த இடம். 4 மணி 5 நிமிடத்துக்கு வந்த வரியில் 13. அது சுவரோரம் இருக்கும் 3ஆம் எண். ஒரே பெயரில் ஒரே நேரத்தில் இருவர் உள்ளே இருக்க லுவாண்டி விடாது. ஆகவே மைனா வெளியே வந்து, அடுத்த பிள்ளைக்கு இடம் விட்டு, தண்ணீர் குடிக்கப் போன அந்த இடைவெளியில் நடந்திருக்கிறது.

3ஆம் எண்ணில் இருந்தவனிடம் நான் எதையும் காட்டவில்லை. அந்த இரண்டு வரிகளை மைனாவிடம் காட்டி, "நீ எழுதவில்லை என்று கணினியே சொல்கிறது" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் தானாக வந்தான். தப்பு அவனுடையது பாதி, பூட்டைக் கழற்றிவைத்த என்னுடையது பாதி.

செய்ய வேண்டியது:

முதலில் அமைப்புகளில் 'ஷோ அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' குறியைப் போட்டு, தேடும் பெட்டியில் 'எம்ப்டி பாஸ்வேர்ட்' என்று தேடுங்கள். வெற்றுப் பாஸ்வேர்டைத் தடுக்கும் அமைப்பு வரும், இயக்குங்கள். பிறகு உலகத்தைத் திறந்து, ஏற்கெனவே பதிவான ஒவ்வொரு பெயருக்கும் 'செட்பாஸ்வேர்ட்' கட்டளையால் புதிய பாஸ்வேர்ட் போடுங்கள். மடிக்கணினிகளுக்கு எண் ஒட்டி, எந்த எண்ணில் யார் உட்கார்ந்தார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அது இல்லாவிட்டால் 13ஐயும் 16ஐயும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று: அரட்டை பதிவாகிறது என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பும் தனிச் செய்திகளும் அந்தக் கோப்பில் விழுகின்றன. ஒளிந்து படிப்பது பாதுகாப்பு ஆகாது. தெரிந்துவிட்டால் அதன்பின் யாரும் உங்களிடம் வந்து எதையும் சொல்லமாட்டார்கள்.

உடைத்த கட்டை திரும்ப வந்து நிற்கிறது

மூன்று காரணங்கள், மூன்று விதமாகத் தெரியும்.

திரையில் 'இது இன்னாருடைய இடம்' என்று வந்தால் பாதுகாப்புக் கட்டை வேலை செய்கிறது. நாங்கள் 'புரொடெக்டர் ரீடூ' என்ற மாட் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டிருக்கிறோம். ஒரு கட்டையை நட்டால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 கட்டை தூரம், அதாவது 11க்கு 11க்கு 11, நட்டவருக்குச் சொந்தம். தோழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் உரியவர் அந்தக் கட்டையின்மேல் வலது சொடுக்கி அவள் பெயரைச் சேர்க்க வேண்டும். பொறுப்பாளர் சேர்த்துவிடக் கூடாது. கேட்டு வாங்குவதும் மறுப்பதும் அவர்கள் பாடு. 11 முறை 11 முறை 11 எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்த பையன், பூமிக்கடியிலும் தனக்கு 5 கட்டை ஆழம் சொந்தம் என்று கண்டுபிடித்து, அடுத்தவன் சுரங்கத்தை நிறுத்திவிட்டான். 1,331 கட்டை. ஐந்தாம் வகுப்பில் கன அளவை இதைவிடச் சூடாகக் கற்பிக்க எனக்குத் தெரியாது.

செய்தி எதுவும் இல்லாமல், அந்த ஒரு பிள்ளையால் மட்டும் எங்கேயும் எதையும் உடைக்க முடியாவிட்டால் 'இன்டராக்ட்' உரிமை இல்லை. 'பிரிவ்ஸ்' கட்டளையில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எந்தெந்த உரிமை என்று நீங்கள் அமைப்பில் எழுதுவது, முதல்முறை வரும்போது மட்டும்தான் செல்லும். பழைய பெயர்களுக்கு 'கிரான்ட்' கட்டளையால் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கட்டை உடைந்து, ஒரு விநாடி கழித்துத் திரும்ப முளைத்தால் சர்வர் திணறுகிறது. அது மட்டும்தான் பழுது. சர்வர் கணினியில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து விளையாடவிடுவதை நிறுத்துங்கள், பாதி சரியாகிவிடும். வேறொரு காரணத்துக்காகவும் அது நல்லது: சர்வரைத் திறந்தவர் எந்த உரிமையையும் தனக்கே கொடுத்துக்கொள்ளலாம், சுவரைத் துளைத்துக்கொண்டு போவது உட்பட.

வீடு எரிந்துவிட்டது

நெருப்பை இயக்கிவைத்திருந்தால் பாதுகாப்புக் கட்டை நட்ட வீடும் எரியும். பிறர் கையைத்தான் அது தடுக்கும். தீ யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, ஓடி வரும் எரிமலைக் குழம்பும் கேட்பதில்லை.

குற்றவாளியைத் தேடுமுன் வீட்டின் சுவரைப் பாருங்கள். எங்கள் முதல் தீ விபத்தில், நாசவேலை என்று மூன்று பேர் மேல் சந்தேகம் வந்தது. கடைசியில், வீட்டுக்காரனே இரவில் வெளிச்சம் வேண்டும் என்று பலகைச் சுவரோரம் ஒரு வாளிக் குழம்பை ஊற்றி விளக்காக வைத்திருந்தான். மரத்துக்குப் பக்கத்தில் குழம்பு இருந்தால் நெருப்புப் பிடிக்கும் என்பது விளையாட்டின் விதி. நம் உலகத்தின் விதியும்தான். மைன்டெஸ்ட் கேமில் பலர் சேர்ந்து ஆடும்போது நெருப்பு இயல்பாக அணைந்தே இருக்கும்; இயக்கியிருந்தால் அமைப்புகளில் 'ஃபயர்' என்று தேடி அணைத்துவைக்கலாம். நான் சிறுவர் பிரிவுக்கு அணைத்துவைத்திருக்கிறேன், பெரியவர்களுக்கு விட்டுவைத்திருக்கிறேன். வெடிமருந்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதுவும் அப்படியே இயல்பாக அணைந்திருக்கும்.

எரிந்ததை மீட்க ஒரே நம்பகமான வழி நகல். உலகத்தை மூடிய பிறகு 'வேர்ல்ட்ஸ்' கோப்புறைக்குள் அந்த உலகத்தின் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துவையுங்கள், தேதி போட்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள்.

சுவரெல்லாம் கேள்விக்குறி

எதையும் உடைக்காதீர்கள். அந்தக் கட்டைகளைத் தந்த மாட் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அதன் கோப்புறை போய்விட்டது. மீண்டும் இயக்கினால் கட்டைகள் தாமாகத் திரும்பும். கேள்விக்குறி அசிங்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் இடித்துவிட்டால் பிறகு இயக்கியும் பயனில்லை.

திடீரென்று கணினி நகர மறுக்கிறது, அரட்டை மறைந்தது, கையிலிருந்த பை மறைந்தது

விசைப்பலகையில் விரல் தவறி விழும் குற்றங்கள் இவை. ஆர் விசையைத் தட்டினால் பார்வைத் தூரத்தின் எல்லை நீங்கிவிடும். பழைய கணினி அடிவானம் வரை வரைய முயன்று மூச்சு வாங்கும். மறுபடி ஆர் தட்டுங்கள். இயல்பான பார்வைத் தூரமே 190 கட்டை. பழைய கணினிகளில் 80க்குக் குறைத்துவிடுங்கள். எஃப்1 பையையும் உயிர்க்கோட்டையும் மறைக்கும், எஃப்2 அரட்டையை மறைக்கும். அதே விசை திரும்பக் கொண்டுவரும்.

"பறக்கும் முறை வந்துவிட்டது என்கிறது, ஆனால் பறக்கவில்லை" என்பதும் அடிக்கடி வரும். கே விசையைத் தட்டியிருக்கிறான். செய்தியின் இரண்டாம் பாதியில், பறக்கும் உரிமை இல்லை என்று அதுவே சொல்கிறது. யாரும் இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை.

தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளைக்கு, நடக்கும்போது திரை ஆடுவதை நிறுத்துங்கள்: அமைப்புகளில் 'பாபிங்' என்று தேடி 0 ஆக்குங்கள். அதற்கும் தீராவிட்டால் அன்றைக்குக் கணினி போதும்.

உங்கள் ஐபி தடைசெய்யப்பட்டிருக்கிறது என்று வருகிறது, ஆனால் இவள் எதுவும் செய்யவில்லை

'பேன்' கட்டளை. தமிழில் எழுதும்போது தலையில் ஊறுவதுபோல் இருக்கிறது. குணமும் அதுதான், ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குத் தாவும். லுவாண்டி தடைசெய்வது முகவரியை. போன வாரம் வம்பு செய்தவன் 4ஆம் எண் கணினியில் இருந்தான். இந்த வாரம் அதில் உட்கார்ந்தவள் மாட்டிக்கொண்டாள். அவன் 7ஆம் எண்ணில் சுகமாக இருக்கிறான். செய்தியிலேயே தடைபட்ட பெயர் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

'அன்பேன்' கட்டளையால் தடையை நீக்குங்கள். இனிமேல் ஆளைத் தண்டிக்க உரிமையைத் திரும்ப வாங்கும் 'ரிவோக்' கட்டளை போதும். 'ஷவுட்' உரிமையை வாங்கிக்கொண்டால் பேச முடியாது, கட்ட முடியும். 'இன்டராக்ட்' உரிமையை வாங்கிக்கொண்டால் பார்க்கலாம், தொட முடியாது. எவ்வளவு நேரத்துக்கு என்பதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளைகளுக்கு அது ஒரு யுகம்.

தமிழ் எழுத்து உடைகிறது

இது பழுது, நம் கையில் சரியாகாதது. லுவாண்டி எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்குகிறது. கொம்பும் காலும் சேர்ந்து இடம் மாறி அமைவது அதற்குத் தெரியாது. 'கொ' எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிள்ளைகள் இதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள்: கட்டைகளையே எழுத்தாக அடுக்குவது. 'ழ'வுக்கு எத்தனை கட்டை வேண்டும் என்ற விவாதம் ஒரு மாதம் நடந்தது.

ஆனால் அரட்டையில் வேறு வழியில்லாமல் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள். கெட்ட வார்த்தைகளை வடிகட்டும் மாட்கள் சில இருக்கின்றன. அவற்றில் இருப்பது ஆங்கிலப் பட்டியல். நம் ஊர் வசவு ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதப்படும். எந்தச் சல்லடையிலும் நிற்காது. வடிகட்டி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அறையைச் சுற்றி நடங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குனிந்து சிரித்தால் அரட்டையைப் பாருங்கள்.

தெரியாத பெயர் ஒன்று உள்ளே நிற்கிறது

பேச்சுக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளையும் கொடுக்கவிடாதீர்கள். 'கிக்' கட்டளையால் வெளியே அனுப்பிவிட்டு, டீபக் கோப்பில் அந்தப் பெயர் உள்ளே வந்த வரியைப் பாருங்கள். முகவரி நம் மற்றக் கணினிகளுடையதைப் போலவே, பெரும்பாலும் 192.168 என்று, தொடங்கினால் ஆள் இதே வைஃபையில் இருக்கிறார். பெரும்பாலும் வாசலில் காத்திருக்கும் ஒரு அண்ணனாக இருக்கும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். வேறு விதமாகத் தொடங்கினால், இணையத்தை யாரோ இணைத்திருக்கிறார்கள், ரவுட்டரில் 30000 போர்ட்டையும் வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள். அதை மூடுங்கள். உலகத்தைத் திறக்கும் பக்கத்தில் 'அனவுன்ஸ் சர்வர்' என்ற குறி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது விழுந்திருந்தால் உங்கள் உலகத்தின் பெயர் பொதுப் பட்டியலுக்குப் போகும்.

எந்தப் பிரச்சினையும் இல்லை, வீட்டிலும் அமைதியாக இதையே விளையாடுகிறான்

பெற்றோர் சொல்லும் இந்த வாக்கியத்தையும் ஓர் அறிகுறியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நூலகத்தில் ரவுட்டருக்கு வெளியே எதுவும் இல்லை. வீட்டில் அம்மாவின் கைபேசியில் அதே செயலியை இறக்கி, 'ஜாயின் கேம்' தாவலைத் திறந்தால், உலகம் முழுவதிலும் உள்ள பொதுச் சர்வர்களின் பட்டியல் வந்து நிற்கும். வயது கேட்கும் வாசல் கிடையாது. மின்னஞ்சல் கேட்காது என்று மேலே நான் புகழ்ந்த அதே குணம் இங்கே எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அங்கே நடக்கும் அரட்டையின் பதிவும் அந்தச் சர்வர்காரரிடம் இருக்கும், நம்மிடம் இல்லை.

பழுது எதுவும் இல்லாததால்தான் இது கண்ணில் படுவதில்லை. அதே தாவலில், பட்டியலின் மேலே 'ஃபேவரிட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளை சேர்ந்த சர்வர்கள் அங்கே தாமாகவே பதிவாகும். பட்டியலே வராமல் செய்ய, அமைப்புகளில் 'சர்வர்லிஸ்ட்' என்று தேடி, அந்த முகவரியை அழித்துவிடலாம். முகவரியைக் கையால் அடித்துப் போகும் பிள்ளையை அது தடுக்காது. தனியாக விளையாடுவதற்கு 'ஸ்டார்ட் கேம்' தாவல் அப்படியே இருக்கும்.

ஃபேவரிட்ஸில் தெரியாத பெயர் இருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இங்கே என்ன கட்டியிருக்கிறாய், காட்டு" என்று கேளுங்கள். அவன் உள்ளே நுழையும்போது வரும் வரவேற்புச் செய்தியை நீங்கள் படியுங்கள். அதில் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலிக்கு அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கார்டின் சொந்த விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதில் சேரக் கூடாது. பிறகு டி விசைக்குப் பதிலாகக் கைபேசியில் இருக்கும் அரட்டைப் பொத்தானை அழுத்தி, மேலே தள்ளி, அவனிடம் யார் யார் பேசுகிறார்கள் என்று இருவரும் சேர்ந்தே பாருங்கள்.